செட்டிநாட்டில் கிடைக்கும் பழைய மர இழைப்புளி: அடையாளம் காண்பது, விலை மதிப்பது எப்படி?

மரத்தைச் சீவிச் சமமாக்கும் தச்சுக் கருவிதான் இழைப்புளி. பழைய இழைப்புளி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவது. அதன் விலையில் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. செய்தவர் முத்திரை, சொந்தக்காரர் வெட்டிய எழுத்து, கை பட்டுக் கறுத்த இடம், பழைய ஒட்டு ஆகிய எல்லாமே மரத்தின் மேற்பரப்பில் மிகக் குறைந்த ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அவை போய்விட்டால் கையில் மிஞ்சுவது ஒரு மரக்கட்டையும் ஒரு இரும்புத் துண்டும்தான். அதனால் முதலில் படிக்க வேண்டும், பிறகு பதிய வேண்டும், கடைசியில்தான் துடைக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த வரிசையிலேயே போகின்றன.

செட்டிநாட்டில் இந்தக் கருவிகள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை இங்கே வீடுகள் ஓயாமல் எழும்பின. பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நிலை, கதவு, தூண், உத்தரம், மச்சுப் பலகை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் வருடக்கணக்கில் தச்சு வேலை நடந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்த பிறகு அந்த வளம் அறுந்தது. பின்னாளில் வீடுகளைப் பிரித்து விற்றபோது கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அவற்றோடு பூட்டு, கீல், எனாமல் பாத்திரம், சாக்கில் கட்டிய தச்சுக் கருவிகளும் வந்தன. இன்றும் கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளின் சாமான் அறைகளில் ஒன்றிரண்டு கிடக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், மென்மையான பெயின்ட் பிரஷ், இரும்பு அளவுகோல், மூலைமட்டம், கோணமானி, காந்தம், சமையலறைத் தராசு, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) ஒன்று. நல்ல வெளிச்சம் உள்ள முற்றமாகப் பார்த்து உட்காருங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் ஆறு பக்கங்களையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். ஆப்பும் தகடும் எந்த நிலையில் இருந்தன என்பதும் ஒரு சான்றுதான்.

பிரித்துப் பார்ப்பது

இழைப்புளிக்கு நான்கு பாகங்கள் முக்கியம். மரக்கட்டை, வெட்டும் தகடு, தகட்டை இறுக்கும் ஆப்பு, சீவல் வெளியே வரும் வாய். பலவற்றில் வெட்டும் தகட்டின் மேல் இன்னொரு சிறிய தகடு திருகாணியால் பூட்டியிருக்கும். சீவலை உடனே மடக்கி, மரம் பிய்ந்து வராமல் காப்பது அதன் வேலை.

ஆப்பைக் குறடு போட்டு இழுக்கக் கூடாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பவும் கூடாது. ஆப்பு உட்காரும் பள்ளத்தின் இரு பக்கச் சுவரும் மெல்லியவை. நெம்பினால் அவை பிளந்துவிடும், பிறகு சரிசெய்வது கடினம். குட்டை இழைப்புளியை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் தகட்டையும் ஆப்பையும் அணைத்துக்கொண்டு, கட்டையின் பின்முனையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் ஆப்பு நெகிழும். நீளமானதென்றால் கட்டையின் மேற்பரப்பில், முன்முனைக்கு அருகே தட்ட வேண்டும். சிலவற்றில் அந்த இடத்தில் கடினமான மரத்தில் ஒரு சிறு வட்டக் குமிழே பதித்திருப்பார்கள். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. பின்முனையில் குழிகுழியாகச் சுத்தியல் தழும்பு இருந்தால், முன்பு யாரோ அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள்.

துரு ஏறித் தகடு உப்பியிருந்தால் ஆப்பு அசையாது. தகட்டின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் கட்டையை ஊறப்போடுவது இங்கே பரவலான வழக்கம். அது மரத்தில் இறங்கிக் கறையாகி, எழுத்துகளையும் மங்கடித்துவிடும்.

என்ன வகை?

நீளமே முதல் அடையாளம். 7 முதல் 9 அங்குலம் வரை இருந்து, நடுவில் அகன்று இரு முனையும் குறுகினால் அது கடைசி மெருகு இழைப்புக்கானது. 14 முதல் 17 அங்குலம் முதல் இழைப்புக்கு, அதாவது ரம்பத் தடம் நீக்க. 20 முதல் 24 அங்குலம் பலகையைச் சமமாக்க. அதற்கு மேல் 30 வரை போனால் இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்க்க. நீளம் கூடக்கூட மேடு மட்டும் வெட்டுப்படும், பள்ளத்தில் தகடு இறங்காது. அதனால்தான் சேர்ப்பு வேலைக்கு நீண்டதைத் தேடுகிறார்கள்.

அடிப்பரப்பு தட்டையாக இல்லாமல் வளைவும் நெளிவுமாக இருந்தால் அது மோல்டிங் இழைப்புளி. கதவுச் சட்டத்தின் ஓர வளைவு எந்த உருவமோ, அதன் தலைகீழ் உருவம் அடியில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மோல்டிங் இழைப்புளிகள் ஏறக்குறைய எல்லாமே 9½ அங்குல நீளம். 10 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் 18-ஆம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு உண்டு, உடனே முத்திரையைத் தேடுங்கள். குழிவும் குவிவுமாக ஜோடி ஜோடியாக வருபவற்றின் பின்முனையில் எண் அடித்திருக்கும். ஒரே எண் கொண்ட ஜோடி சேர்ந்தே கிடைத்தால் பிரிக்காதீர்கள்.

காடி, அதாவது பலகையில் நீளப் பள்ளம், எடுக்கும் இழைப்புளியில் பக்கவாட்டில் நகரும் சட்டம் ஒன்று இரண்டு கைகளில் பொருத்தியிருக்கும். அந்தக் கைகளை ஆப்போ மரத்திருகோ இறுக்கும். இங்கிலாந்தில் செய்த முழு செட் என்றால் ⅛ அங்குலத்திலிருந்து 9⁄16 அங்குலம் வரை எட்டுத் தகடுகள், 1 முதல் 8 வரை எண்ணிட்டு இருக்க வேண்டும். எட்டும் இருப்பது அரிது. கடைக்காரர் ஒரு தகட்டோடு கொடுத்தால், மீதி அந்தச் சாக்கிலேயே தனியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். உளி என்று நினைத்து வேறு குவியலில் போட்டிருப்பார்கள்.

வெளியில் இரும்பும் உள்ளே ஈட்டி மரமும் நிரப்பிய கனமான ஒன்று கிடைத்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஸ்பியர்ஸ், நாரிஸ் ஆகியோர் செய்த இந்த வகை, சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குவது. எடைக்குப் போடக் கூடாத ஒரே இழைப்புளி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மரத்தாலான அடியும் மேலே இரும்புச் சட்டமும் சேர்ந்த அமெரிக்க ஸ்டான்லி வகையும் உண்டு. 1869 வாக்கில் தொடங்கியது, எண் 21 முதல் 37 வரை. இவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. பார்க்கப் புதுமையாக இருந்தாலும், பழமைக்காக மட்டும் பெரிய விலை கிடைக்காது.

எங்கே செய்தது?

ஐரோப்பியச் சரக்கு பெரும்பாலும் பீச் மரம். வெளிர் பழுப்பில், கட்டையின் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளக் கோடுகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும். லென்ஸில் ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. நம் ஊர் மரங்களில் அந்தச் சிதறல் அந்த வடிவில் வராது. இங்கிலாந்துக் கட்டையில் இன்னொன்றும் பாருங்கள். முன்முனையில் தெரியும் வளையங்களில், மரப்பட்டைப் பக்கம் அடியை நோக்கி இருக்கும். தேய்மானம் தாங்கவும், வளைவு குறையவும் அப்படி அறுத்தார்கள். முன்முனையில் கொம்பு போல ஒரு பிடி எழும்பியிருந்தால் ஜெர்மனி பக்கத்து மரபு. தகட்டுக்குப் பின்னால் கட்டையைத் துளைத்துக் குறுக்கே ஒரு தடி போய், இரு கையாலும் பிடித்துத் தள்ளும்படி இருந்தால் சீனத் தச்சர் மரபு. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் என்று கடல் கடந்து தொழில் நடத்தியவர்களின் ஊர்களில் இதைப் பார்த்தால் வியப்படையத் தேவையில்லை.

உள்ளூர் ஆசாரி தாமே செய்துகொண்டவற்றில் கட்டையின் கோடுகள் அவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆப்பை இறுக்கப் பக்கச் சுவரில் பள்ளம் வெட்டுவதற்குப் பதிலாகக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியோ மரக்குச்சியோ அடித்திருப்பதும் உண்டு. தகடு பழைய அரத்தை அடித்துச் செய்ததாக இருக்கலாம். அப்படியானால் பின்புறத்தில் அரத்தின் பற்கள் மங்கலாகத் தெரியும். இவற்றைக் குறைவாக எண்ண வேண்டாம். இந்த மண்ணின் தச்சு வேலைக்கு நேரடிச் சாட்சி இவைதான். லண்டன் முத்திரை உள்ளதைப் போல நூறு உலகில் வேறெங்கும் கிடைக்கும், இதைப் போல இன்னொன்று கிடைக்காது.

மரம் எது என்று கண்ணால் முடிவு செய்யத் தடுமாறினால் எடை கைகொடுக்கும். தகட்டையும் ஆப்பையும் எடுத்துவிட்டுக் கட்டையை மட்டும் நிறுங்கள். 16 அங்குல நீளமும், 3 அங்குல அகல உயரமும் உள்ள கட்டையின் கன அளவு சுமார் 2,360 கன சென்டிமீட்டர். முழுக்கட்டையாக இருந்தால் தேக்கு சுமார் 1.5 கிலோ, பீச் 1.7, ஈட்டி 2 கிலோ அளவில் வரும். புளி, கருங்காலி அதற்கும் மேலே போகும். வாய்க்காக வெட்டிய பகுதிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். இது மரத்தை உறுதி செய்யாது, ஆனால் கடைக்காரர் ‘ஈட்டி’ என்று சொல்லும் சாயம் பூசிய லேசு மரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரையைப் படிப்பது

முன்முனையில், நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தில்தான் செய்தவர் பெயர் இருக்கும். டார்ச்சை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பரப்போடு ஒட்டி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி பிடித்து, நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். மங்கலாக இருந்தால் மெல்லிய காகிதத்தை வைத்து மென்பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும். மாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள். மாவு பூச்சிக்கு அழைப்பு, சுண்ணாம்பு துளைகளில் தங்கிவிடும்.

செய்தவர் முத்திரை பொதுவாக ஒரே ஒருமுறை, நடுவில், நேராக, ஊர்ப் பெயரோடு இருக்கும். பழையவற்றில் சுற்றிலும் ரம்பப் பல் போன்ற ஓரம் வரும். சொந்தக்காரர் முத்திரை சிறியது. முன்முனை, பின்முனை, பக்கம் என்று பல இடங்களில் திரும்பத் திரும்ப அடித்திருக்கும். இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் அத்தனை கை மாறியிருக்கிறது. பாத்திரத்தில் விலாசம், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள், வெட்டும் வழக்கமுள்ள ஊர் இது. கருவியிலும் தமிழ் எழுத்தில் விலாசம் இருந்தால், அது ஆசாரியின் சொந்தக் கருவியா வீட்டாருடையதா என்ற கேள்வி வரும். அந்த விலாசம் எந்த வீட்டுக்குரியது என்று தெரிந்தால், கருவிக்கு ஊரும் தெருவும் கிடைத்துவிடும்.

கட்டையில் உள்ள பெயரையும் தகட்டில் உள்ள பெயரையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடப்பது. கட்டை ஒருவர் செய்தது, தகடு பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேறொருவர் செய்தது. வார்ட் அண்ட் பெய்ன், மார்பிள்ஸ், சோர்பி போன்றவை தகட்டில் அடிக்கடி காணும் பெயர்கள். உள்ளூர்க் கட்டையில் ஷெஃபீல்டுத் தகடு என்பது இயல்பான சேர்க்கை. அதை ‘இங்கிலாந்து இழைப்புளி’ என்று விற்பது தவறு. கட்டையிலேயே நார்விச் கிரிஃபித்ஸ், கிளாஸ்கோ மாதிசன், யார்க் வார்வில் போன்ற பெயர் இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் தரமான, ஆனால் பரவலாகக் கிடைக்கும் சரக்கு. லண்டன் கிறிஸ்டோபர் கேப்ரியல் என்றால் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் போகிறது, விலையும் வேறு. அதற்கும் முந்திய ராபர்ட் உடிங் போன்ற பெயரைப் பார்த்தால், விற்பதற்கு முன் கருவி வரலாறு அறிந்தவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

போலி முத்திரையும் உலவுகிறது. சூடு போட்டு எரித்த ஆங்கில எழுத்து, ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற சொல், பெரிதாக ஒரு ஆண்டு இவை சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். லென்ஸில் எழுத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய முத்திரையில் உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுக்கு, ஒரே நிறம். புதியதில் நார் நறுக்கென்று நிற்கும், உள்நிறம் வேறாக இருக்கும்.

வயதைக் கணிப்பது

ஒரே அடையாளத்தை வைத்து வயது சொல்லக் கூடாது, குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். கட்டையின் மேல் விளிம்புகளை அகலமாக, தட்டையாகச் சீவி, முடிவில் உளி வெட்டோடு நிறுத்தியிருந்தால் 18-ஆம் நூற்றாண்டுச் சாயல். குறுகலாகவும் உருண்டையாகவும் இருந்தால் 19-ஆம் நூற்றாண்டு. மேல் தகடு சேர்ந்த இரட்டைத் தகடு இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. ஆனால் ஒற்றைத் தகடு என்பதாலேயே பழசு என்று சொல்லிவிட முடியாது. மலிவாகச் செய்தவற்றிலும் உள்ளூர்க் கட்டைகளிலும் ஒற்றைத் தகடு வெகுகாலம் இருந்தது.

தகட்டில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று இருந்தால், ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்ட 1740-களுக்குப் பிந்தியது என்பது உறுதி. நடைமுறையில் 19-ஆம் நூற்றாண்டு அல்லது 20-இன் தொடக்கம். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் வந்தால் இன்னும் பின்னால் வாருங்கள். பிரிட்டனின் 1887 வணிகக்குறிச் சட்டமும், இறக்குமதிக்கு நாட்டுப் பெயர் கேட்ட அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டமும் வந்த பிறகே இந்த வழக்கம் பெருகியது.

தகட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மர இழைப்புளியின் பழைய தகடு மேலே மெலிந்தும் வெட்டுமுனைப் பக்கம் தடித்தும் இருக்கும். வேலையின்போது தகடு பின்னால் தள்ளப்படும், அப்போது இந்தச் சரிவு ஆப்பை மேலும் இறுக்கும். முழுநீளமும் ஒரே தடிமன் என்றால், அது பிற்காலத்தது அல்லது மாற்றியது.

தகடு படுக்கும் சரிவைக் கோணமானியால் அளந்து குறியுங்கள். 45 பாகை பொதுவானது. 50-க்கு மேல், 55 அல்லது 60 என்றால் கடினமான, நார் புரண்ட மரத்துக்கென்று செய்தது. இது வயது சொல்லாது, வாங்கி வேலை செய்ய நினைக்கும் தச்சருக்கு மட்டும் பயன்படும்.

நிலைமையைச் சோதிப்பது

விலையை ஏற்றி இறக்குவதில் இதற்கே பெரிய பங்கு, இங்கே நேரம் செலவிடுங்கள்.

முதலில் வாய். தகட்டைப் பொருத்தி, வெட்டுமுனைக்கும் முன் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். மெருகு இழைப்புளியில் 1 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது, முதல் இழைப்புக்கானதில் 2 அல்லது 3 இருந்தாலும் குற்றமில்லை. தகட்டுக்கு முன்னாலுள்ள சுவர் சரிவாக மேலேறுவதால், அடியை ஒவ்வொரு முறை சீவிச் சமமாக்கும்போதும் வாய் அகலும். அகன்ற வாய் என்றால் மெருகு இழைப்பில் மரம் பிய்யும். வாயின் முன்னால் கடின மரத்தில் அளவாக ஒரு துண்டு பதித்திருந்தால் அதைக் குறையாகக் கருதாதீர்கள். தேய்ந்த வாயைச் சுருக்க நல்ல ஆசாரிகள் செய்யும் மரபான பழுது அது. சுற்றிலும் இடைவெளி இன்றி உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து முறுக்கு. நேரான இரண்டு ரீப்பர் துண்டுகளை அடியில் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் குறுக்கே வைத்து, கண் மட்டத்தில் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் கட்டை முறுக்கியிருக்கிறது. கொஞ்சம் முறுக்கு அடியைச் சீவினால் போகும், ஆனால் வாய் மேலும் அகலும். மோல்டிங் இழைப்புளி வளைந்திருந்தால் அப்படிச் சரிசெய்ய வழியில்லை, அடியின் உருவமே கெட்டுவிடும்.

வெடிப்பில் இரண்டு வகை. முன் பின் முனைகளில் மேலோட்டமாக வரும் கீறல் கோடை வெயிலில் மரம் காய்வதால் வருவது, வேலைக்குத் தடையில்லை. வாயிலிருந்து பக்கச் சுவர் வழியே மேலே ஏறும் வெடிப்பு வேறு. ஆப்பு அடிக்கும்போது அது விரியும். ஆப்பை இலேசாக இறுக்கி வெடிப்பைக் கவனியுங்கள், திறந்தால் அது அலமாரிப் பொருள் மட்டுமே.

ஆப்பு அதே மரமா, அதே கறுப்பா? இரு கால்களும் பள்ளத்தில் முழுக்கப் படிகின்றனவா? ஒரு காகிதத்துண்டை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். எங்காவது எளிதாக நுழைந்தால் ஆப்பு பிற்காலத்தது அல்லது தேய்ந்தது. சீவல் அங்கே சிக்கி வாய் அடைக்கும்.

தகட்டில் எஞ்சிய எஃகுதான் கணக்கு. பழைய தகடு முழுவதும் எஃகு அல்ல. மெல்லிரும்பின் முனையில் எஃகுத் தகடு ஒட்டி அடித்தது. சாணை பிடித்த சரிவில் மங்கலான சாம்பல் நிறமும், விளிம்பையொட்டிப் பளிச்சென்ற ஒரு பட்டையும் பிரிந்து தெரியும். தகட்டின் தட்டையான பக்கத்தில் அந்த எஃகு எதுவரை போகிறது என்று தேடுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் இன்னும் பல ஆண்டு உழைக்கும், கால் அங்குலம் என்றால் முடிந்தது. தட்டையான பக்கத்தில் விளிம்புக்கு அருகே ஆழமான துருக்குழிகள் இருந்தாலும் பயனில்லை, ஒவ்வொரு முறை தீட்டும்போதும் முனையில் பல் விழும்.

கடைசியாகப் பூச்சி. குண்டூசித் துளைகள் பழசாகவும் இருக்கலாம். கறுப்புக் காகிதத்தின் மேல் கட்டையைத் தட்டி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மெல்லிய மாவு விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமலே அறைவெப்பத்துக்கு வர விடுங்கள். தேக்குக் கதவுகள் இருக்கும் வீட்டுக்குள் இதைச் சோதிக்காமல் கொண்டுபோகாதீர்கள்.

வீட்டோடு பொருத்திப் பார்ப்பது

செட்டிநாட்டில் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை இது. மோல்டிங் இழைப்புளியின் உருவத்தை முன்முனையிலிருந்து காகிதத்தில் வரைந்து, அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வீட்டு நிலை, கதவுச் சட்டம், மச்சு விளிம்பு ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். நாலைந்து வளைவுகள் சேர்ந்த சிக்கலான உருவம், அளவும் மாறாமல் அப்படியே உட்கார்ந்தால், இந்தக் கருவி அந்த வேலையில் இருந்திருக்க வலுவான வாய்ப்பு உண்டு. வெறும் அரைவட்டக் குழிவு பொருந்தினால் அதற்கு மதிப்பில்லை. அது எங்கும் பொருந்தும்.

வீட்டில் கேட்கும்போது, “ஆச்சி, வீடு கட்டுன கணக்குப் பேரேடு இருக்கா? ஆசாரி எந்த ஊருன்னு அதுல எழுதியிருக்கா?” என்று கேளுங்கள். கடையில் என்றால், “அண்ணே, இது எந்த ஊர்ல பிரிச்ச வீட்டுச் சாமான்? கதவும் அதே லோடுலதான் வந்துச்சா?” என்பதே சரியான கேள்வி. பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்து, படம், பொருந்தும் உருவம் என்று ஏதாவது ஒன்று இல்லாமல், வாய்க்கதைக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

விலைக்கு வருவது

ஒரே இழைப்புளிக்கு மூன்று விலை உண்டு. வேலை செய்யும் தச்சர் கொடுப்பது, சேகரிப்பாளர் கொடுப்பது, பாரம்பரிய விடுதி அலங்காரத்துக்கு வாங்குபவர் கொடுப்பது. அலங்காரத்துக்கு வாங்குபவருக்கு நீளமும் கறுப்பும் போதும், தகட்டில் எஃகு தீர்ந்திருந்தாலும் கவலையில்லை. தச்சருக்கு முத்திரை பொருட்டில்லை. யாரிடம் விற்கிறோம் என்று முடிவு செய்யாமல் விலை சொல்ல முடியாது.

அடிப்படை விலைக்கு, அதே வகை, அதே நீளம் கொண்டவை உண்மையில் விற்ற விலைகளை எடுங்கள். இணையத்தில் கேட்கும் விலை வெறும் ஆசை. ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றி அப்படியே இங்கே கேட்பதும் தவறு. இங்கிலாந்தில் சாதாரண பீச் இழைப்புளிகள் மலிந்து கிடக்கின்றன, இங்கே வாங்குவோர் எண்ணிக்கையும் குறைவு. காரைக்குடியில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து, பேரத்துக்குப் பின் முடியும் விலையோடு ஒப்பிடுங்கள்.

அந்த நடு விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணிப்பில், தகடு இல்லையென்றால் 40 முதல் 50 வரை கழிக்க வேண்டும். வாயிலிருந்து ஏறும் வெடிப்புக்கு 40. உயிருள்ள பூச்சிக்கு 30. உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்திருந்தால் சேகரிப்பாளரிடம் 30, அலங்காரக்காரரிடம் ஒன்றுமில்லை. ஆப்பு மாற்றியிருந்தால் 15. அகன்ற வாய்க்கு 10. கூட்டும் பக்கத்தில், தெளிவான செய்தவர் முத்திரைக்கு 30 முதல் 50, எண் பொருந்திய ஜோடிக்கு இரண்டின் கூட்டு விலைக்கு மேல் 25, எந்த வீட்டுடையது என்று உறுதியான விலாசத்துக்கு 20. வீட்டு நிலையோடு பொருந்தி, எழுத்துச் சான்றும் இருந்தால் இரண்டு மடங்கு கேட்பதும் நியாயமே. 18-ஆம் நூற்றாண்டுப் பெயர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவற்றைத் தனியாக ஏலப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 16 அங்குல உள்ளூர்க் கட்டை, ஷெஃபீல்டுத் தகடு, எஃகு ஓர் அங்குலம், வாய் 5 மில்லிமீட்டர், ஆப்பு புதியது, பக்கத்தில் தமிழ் எழுத்தில் விலாசம். 100-லிருந்து ஆப்புக்கு 15, வாய்க்கு 10 போனால் 75. விலாசம் எந்த வீட்டுடையது என்று உறுதியானால் 20 சேர்த்து 95. உறுதியாகாவிட்டால் 75-லேயே நிற்க வேண்டும்.

சட்டம்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைத்தொழில் சார்ந்த பொருளும் தொல்பொருள் வரையறைக்குள் வரலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆள் கேட்டால், கூரியரில் போடுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று பெற வேண்டும். ஈட்டி மரம் என்றால் இன்னொரு தடையும் உண்டு. அந்த இன மரங்கள் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதி விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி துடைக்கலாம்

உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நிழலில் உலர்த்தி, மெழுகு மிக மெல்லியதாகத் தடவினால் போதும். தகட்டுத் துருவை எண்ணெயும் மிக நைசான இரும்புப் பஞ்சும் கொண்டு நீக்குங்கள், முத்திரை உள்ள இடத்தில் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்துக்கு வேண்டாம். அவை இறுகிக் காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

வைக்கும்போது ஆப்பை நெகிழ்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது, இறுகிய ஆப்பு பக்கச் சுவரைப் பிளந்துவிடும். மொட்டை மாடி அறையும் தகரக் கொட்டகையும் வேண்டாம். நீளம், எடை, கோணம், முத்திரைப் படம், வாங்கிய இடம், கேட்ட விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இழைப்புளியோடு ஒரே துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கை மாறும்போது அந்தத் தாளும் சேர்ந்தே போக வேண்டும்.